முனியாண்டி பாடத்தில் சேர்ந்த ஞாயிறு

வெளிநாட்டு நகரம் ஒன்றில் யூதர்களின் ஜெபாலயச் சமயப் பள்ளியைப் பார்த்துவிட்டு வந்து, சென்ற ஆண்டு இங்கே எழுதியிருந்தேன். அங்கே பெற்றோர் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போவதில்லை, கூடவே உட்கார்கிறார்கள். பிள்ளைகள் கேட்கும் கேள்வியிலிருந்துதான் பாடம் தொடங்குகிறது. அதைப் படித்துவிட்டுப் பரமேஸ்வரி என்பவர் அழைத்தார். ரெம்பாவ் பக்கத்தில், பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஞாயிறு சமய வகுப்பு நடத்துகிறவர்.

"ஐயா, நானும் அப்படிச் செஞ்சு பாக்கப்போறேன். இந்த ஒரு ஞாயிறுதான் டைம். வந்து பாருங்களேன்."

காரணம் இருந்தது. முப்பது பிள்ளைகள் படித்த வகுப்பில் இப்போது பதினொரு பேர். இந்த ஞாயிறோடு பிள்ளைகளை டவுன் கோயில் வகுப்புக்கு அனுப்பிவிட்டு, வகுப்பு நடக்கும் கூடத்தில் திருவிழாப் பந்தல் சாமான்களை வைக்கலாம் என்கிறார் கோயில் தலைவர் செல்வராஜு. டவுன் பதினான்கு கிலோமீட்டர். பதினொரு பேரில் நான்கு பேர் வீட்டில்தான் கார். மற்ற ஏழு பேருக்கு அத்தோடு வகுப்பு முடிந்தது.

சிரம்பானில் காலை 7.40க்குக் கொமுட்டர் ரயில், கட்டணம் 3 ரிங்கிட் 60 சென். 8.10க்கு ரெம்பாவ். அங்கிருந்து வாடகைக் கார், இருபது ரிங்கிட். செம்பனைக்குள் கடைசி மூன்று கிலோமீட்டர் மண் சாலை.

"ஞாயித்துக்கெழம தோட்டத்துல என்னண்ணே, கல்யாணமா?" என்றார் ஓட்டுநர்.

"சமய வகுப்பு."

"நானும் போயிருக்கேன் லா. முடிஞ்சதும் நாசி லெமாக் சோத்துப் பொட்டலம் குடுப்பாங்க. அது மட்டுந்தான் ஞாபகம்."

வகுப்பு 9.30க்கு. பெற்றோர் கட்டாயம் வரவேண்டும் என்று பரமேஸ்வரி சொல்லியிருந்தார். தாய்மார்கள் பாயில் உட்கார்ந்தார்கள். தகப்பன்மார் ஆறேழு பேர் வெளியே மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை. தேவாரம் பாடினார்கள், சுருதி சேரவில்லை. பிறகு, "யாராச்சும் கேள்வி கேளுங்க" என்றார் பரமேஸ்வரி.

கவிதா என்ற பத்து வயதுப் பெண் எழுந்தாள். "உள்ள அம்மனுக்குப் பொங்க வைக்கிறோம். வெளிய முனியாண்டிக்கு மட்டும் ஏன் டீச்சர் சுருட்டு?"

பரமேஸ்வரி கையிலிருந்த பாடப்புத்தகத்தைப் பார்த்தார். அதில் முனியாண்டியே கிடையாது. இத்தனை வருடமும் இப்படிக் கேட்டவர்களை, "அது பாடத்துல இல்ல, உக்காரு" என்று அடக்கியதாகப் பிறகு என்னிடம் சொன்னார். அன்று புத்தகத்தை மூடிவிட்டு, பிள்ளைகளை மரத்தடியில் இருந்த முனியாண்டியிடம் கூட்டிப்போனார். மோட்டார்கள் நின்றதும் அங்கேதான். தகப்பன்மாருக்குத் தப்ப வழியில்லை; கேள்வி அவர்களிடம் போனது.

"காவக்காரர்மா அவரு. ராத்திரி முழிச்சிருக்கணும்ல?" என்றார் ஒரு தகப்பன்.

"யோவ், ஒங்க தாத்தா பிடிச்சாரு, அதனால சாமிக்கும் குடுத்தாரு. கத வுடாத லா" என்றார் இன்னொருவர்.

சிரிப்புக்கு நடுவே, கூடத்துச் சாவியை வாங்கிப் போகத் தலைவர் செல்வராஜு வந்தார். திருவிழாவில் சுருட்டைப் பற்றவைத்துப் படைப்பவர் அவர்தான். கவிதா நேரே அவரிடம் போய் அதே கேள்வியைக் கேட்டாள்.

"எங்கப்பா செஞ்சாரு, நான் செய்றேன்" என்றார்.

"அவரு ஏன் செஞ்சாரு அங்கிள்?"

"நான் அவரக் கேக்கலியே, தாயி" என்றார் செல்வராஜு.

"தலைவரே ஃபெயில் லா!" என்றது மோட்டார் பக்கம். அவரும் சிரித்துவிட்டார். பிறகு பரமேஸ்வரியிடம் தணிந்த குரலில் கேட்டார்: "இதையெல்லாம் டவுன் கிளாஸ்ல சொல்லித் தருவாங்களா?"

"அங்க முனியாண்டி இல்லியே, ஐயா."

அவர் சாவியைக் கேட்கவில்லை. "திருவிழா வரைக்கும் நடத்துங்க. பந்தல் சாமான் எங்க வீட்டு போர்ச்ல கெடக்கட்டும். அதுக்கப்புறம் பாப்போம்."

ஒரு காலையில் ஒரு பள்ளி சீராகிவிடாது. ஐந்து வயதுப் பிள்ளைகள் இருவர் பாயிலேயே தூங்கிவிட்டார்கள்; அவர்களுக்கென்று பாடம் எதுவும் இல்லை. தகப்பன்மார் அடுத்த வாரமும் வருவார்களா என்று தெரியாது. ஆனால் கிடைத்த அவகாசத்தைப் பரமேஸ்வரி வீணாக்கமாட்டார். நான் கிளம்பும்போதே, சின்னவர்களைத் தனியாகப் பார்த்துக்கொள்ள இரண்டு தாய்மாரைப் பிடித்துவிட்டிருந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: காலை ரயிலைத் தவறவிடாதீர்கள். திரும்பி வரத் தோட்டத்துக்குள் கார் கிடைக்காது. வந்த ஓட்டுநரிடமே 12 மணிக்கு வரச் சொல்லிவிடுங்கள். பின்னால் நின்று படம் எடுக்காமல் பாயில் உட்காருங்கள். உங்களிடமும் கேட்பார்கள். தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லிவிடுங்கள். அந்தத் தோட்டத்தில் இப்போது அது அவமானமில்லை.