வெங்காய மண்டியில் ஒரு வாய்மொழித் தேர்வு

எட்டு வருடமாக நான் ஆராய்ந்தது வட ஆப்பிரிக்காவின் பெர்பர் மொழியை. அரபு மொழி அங்கே போவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, லெபனான் பக்கமிருந்து கப்பலில் வந்து கரையோரம் ஊர் கட்டிக்கொண்ட பினீசியர்கள் அந்த மொழிக்குள் விட்டுப்போன, அரபுக்கு உறவான செமிட்டிக் சொற்கள் எவை, எந்த வழியாக வந்தன என்பது தலைப்பு. இதைக் கேட்ட என் மாமியார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்த ஊர்க்காரங்க யாராச்சும் நம்மளப் பத்திப் படிக்கிறாங்களா மாப்பிள்ளை?"

எனக்குப் பதில் தெரியவில்லை, அதனால் கோபம் வந்தது. பதில் தெரியாத இடத்தில் எல்லாம் எனக்குக் கோபம் வரும்.

வாய்மொழித் தேர்வு வைத்த மாதத்தோடு என் முனைவர் பட்டப் பதிவு காலாவதி. இணையவழியில் நடக்கும் அந்தத் தேர்வில் தேறாவிட்டால் எட்டு வருடமும் குப்பைக்குத்தான். டியூஷன் எடுத்தே வீட்டை ஓட்டிய என் மனைவியின் முகத்தை அப்புறம் எப்படிப் பார்ப்பது? சரியாகத் தேர்வு நாள் காலையில்தான் சாக்கடைக்காக எங்கள் தெருவைத் தோண்டினார்கள். இணைய ஒயர் அறுந்து சேற்றில் கிடந்தது.

மனைவி தன் தம்பிக்குப் போன் போட்டாள். எங்கள் திண்டுக்கல்லிலேயே சின்ன வெங்காய மண்டி வைத்திருப்பவன். அவனுக்கு நான் வெட்டி ஆபீசர். எனக்கு அவன் வெங்காயத்தைத் தவிர வேறெதுவும் தெரியாத ஆள். இருந்தும், "வாங்க மச்சான், நம்ம ஆபீஸ்ல உக்காந்து பேசுங்க. சிசிடிவி காமிராவுக்குன்னு நெட்டு ஓடிக்கிட்டேதான் இருக்கும்" என்றான்.

ஆபீஸ் என்றது ஒரு கண்ணாடித் தடுப்பு. ஒரு பக்கம் ஏலம். மறுபக்கம் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெங்காயத் தாளை அரிந்துகொண்டிருந்தார்கள். டை கட்டிக்கொண்டு உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் என் கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றியது. திரையில் மூன்று முகங்கள்: என் நெறியாளர், தேர்வாளர் இருவர். தேர்வாளர்களில் ஒருவரான வெளிநாட்டு அம்மையார், "பதற்றப்படாதீர்கள்" என்று ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னார்.

மச்சினன் ஏலத்தை நிறுத்திவிட்டான். "செத்த நேரம் வாயப் பொத்துங்கப்பா, மச்சான் பேசுறாரு." அப்புறம் காமிராவில் விழாதபடி என் பக்கத்தில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டான். ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. திரையிலிருந்த முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மையார் வெங்காயத்தைப் பிடித்துக்கொண்டார். பெர்பர் மொழியில் வெங்காயத்துக்கு அஸாலிம் என்று ஒரு சொல் உண்டு, அது பினீசியச் சரக்கு என்பது என் வாதம். "அந்த மக்களிடம் முன்பே வெங்காயம் இருந்திருக்கலாமே, பெயரை மட்டும் ஏன் அந்நியனிடம் வாங்க வேண்டும்?" என்றார். இதற்கு ஆறு பக்கம் எழுதியிருந்தேன். ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

"எறங்கிப் போகாதீங்க மச்சான்" என்று, விலை பேசுகிறவனுக்குச் சொல்வதுபோல, மூட்டைமேலிருந்து முணுமுணுப்பு வந்தது. அந்த நேரம் பார்த்து வெளியே எவரோ, "பல்லாரி இருக்கா?" என்று கத்தினார்.

பிடித்துக்கொண்டேன். எங்கள் ஊரில் சின்ன வெங்காயம் எந்தக் காலத்திலிருந்தோ இருக்கிறது. பெரிய வெங்காயம் பெல்லாரியிலிருந்து வந்ததால் பல்லாரி ஆனது. இன்று அது நாசிக்கிலிருந்து லாரி லாரியாக வந்து இறங்குகிறது, ஆனாலும் ஒருவரும் நாசிக் என்று கேட்பதில்லை. புதுச் சரக்கை எவன் வழியாக முதலில் வாங்குகிறோமோ, அவனோடு வந்த பெயர் அப்படியே ஒட்டிக்கொள்கிறது. பினீசியன் கொண்டுவந்த புது வெங்காயத்துக்கும் அதுதான் நடந்திருக்கும். இதை எனக்கு வந்த ஆங்கிலத்தில் சொன்னேன். என் ஆய்வேட்டில் இது இல்லை. அம்மையார் ஏதோ குறித்துக்கொண்டார்.

பிறகு மூவரும் தனியாகப் பேசப் போய்த் திரும்பினார்கள். நெறியாளர் குறைகளை வாசிக்க ஆரம்பித்தார். மூன்றாம் அத்தியாயத்து வரைபடம் தப்பு, அடிக்குறிப்புகள் குளறுபடி, நூற்பட்டியல் அரைகுறை. அவர் அடுக்கிக்கொண்டே போக, பொசுக்கென்று கரண்டும் கூடவே நெட்டும் போய்விட்டது.

டையைக் கழற்றி மேசைமேல் எறிந்தேன். "முடிஞ்சது மாப்ள. அம்புட்டும் தப்புங்கிறாங்க."

"தப்புன்னா என்ன சொன்னாங்க?"

"அதத் திருத்து, இத நீக்குன்னு ஒரு பட்டியல்."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அது கழிவு மச்சான்." ஈரம், அழுகல், தூசி என்று மூட்டைக்கு எடையில் கழித்துக்கொள்வதை மண்டியில் அப்படிச் சொல்வார்கள். "வேணாங்கிறவன் கழிவு பேசமாட்டான். பாத்துட்டு அடுத்த கடைக்குப் போயிக்கிட்டே இருப்பான். இவங்க இம்புட்டு நேரம் ஒவ்வொண்ணாப் பொறுக்கிப் பாத்திருக்காங்கன்னா, எடுத்துட்டாங்கன்னு அர்த்தம்."

எரிச்சலாக வந்தது. "சும்மா இரு" என்று கத்தினேன். அவன் காதிலேயே வாங்காமல் என் மனைவிக்குப் போன் போட்டு, "அக்கா, மச்சான் சரக்க எடுத்துட்டாங்க. கழிவு கொஞ்சந்தான்" என்றான்.

போனைப் பிடுங்கக் கை நீட்டும்போது என் போன் அடித்தது. நெறியாளர். "எங்கே போனீர்கள்? சிறு திருத்தங்களோடு ஏற்றுக்கொண்டார்கள். வாழ்த்துகள், முனைவரே."

எனக்கு அழுகை வந்தது. தாள் அரிந்த பெண்கள் முன்பே சாப்பிடப் போயிருந்தார்கள், வெங்காயத்தைச் சாக்குச் சொல்லவும் வழியில்லை. எட்டு வருடத்தில் என் ஆய்வை முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து கேட்டவன் மச்சினன் ஒருவன்தான்.

"சொன்னேன்ல" என்றுவிட்டு, அவன் ஏலத்தைத் தொடங்கப் போனான். மேசைமேல் விட்டுப்போன அவன் போனில், என் மனைவி "என்ன எடுத்துட்டாங்க, எதைடா எடுத்துட்டாங்க?" என்று கத்திக்கொண்டே இருந்தாள்.