ஒரே ஒரு கொட்டிச் செடி

காட்டுச் செடிகளைத் தேடிப் பதிவு செய்து காக்கும் தன்னார்வலர் குழு ஒன்றில் இருந்தேன். நன்னிலம் பக்கம், களைக்கொல்லி கலக்காத ஒரு குட்டையில், ஒரே ஒரு கொட்டிக்கிழங்குச் செடி பூத்திருந்தது. பல வருடமாக எங்கள் யார் கண்ணிலும் படாத செடி. சந்தோஷத்தில், குழுவின் மூத்த உறுப்பினருக்குத்தான் முதலில் போன் செய்தேன்.

வந்தவர், சேற்றில் மண்டியிட்டு வெகுநேரம் படம் எடுத்தார். எனக்கு அவர்மீது மரியாதை கூடியது. பிறகு கேமராவைப் பையில் வைத்துவிட்டு, செடியைக் கிழங்கோடு பிடுங்கிக் கரையில் போட்டு, செருப்புக் காலால் நசுக்கினார்.

"என்ன சார் பண்றீங்க?"

"நாளைக்கு இன்னொருத்தன் வந்து இதையே படம் எடுத்துப் போடுவான் மேடம். இப்ப என் படம் மட்டுந்தான் இருக்கும்." சொல்லிக்கொண்டே என் பாட்டில் தண்ணீரில் கை கழுவினார்.

மாலையில் 'இதைக் காப்பது நம் கடமை' என்று குழுவில் படத்தைப் போட்டார். எல்லோரும் பாராட்டினார்கள். நடந்ததை அதன் கீழேயே எழுதினேன்.

"படம் அருமையா வந்திருக்குல்ல, விடுங்க மேடம்" என்று இன்னொரு உறுப்பினரிடமிருந்து பதில் வந்தது.

அன்றே குழுவை விட்டு விலகினேன். இப்போதும் ஞாயிறுகளில் குட்டை குட்டையாகப் போகிறேன். ஏதாவது பூத்திருந்தால், பார்த்துவிட்டு யாருக்கும் சொல்லாமல் திரும்பிவிடுகிறேன்.