மணியம் கிழித்த கன்வாஸ்

புதன்கிழமை கேஸ் லாரி வந்தது. புது ஆள் கேஸ் சிலிண்டரை, எங்கள் பேச்சில் தோங்கை, இறக்கி மாட்டிவிட்டு, அடுப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிளம்பினார்.

"மணியம் எங்க, லீவா?" என்று கேட்டேன்.

"தெரியாதா அக்கா? ஞாயித்துக்கிழமை போய்ட்டாரு. நெஞ்சு வலி."

நான் பிசாங் கோரேங் வாழைப்பழத் துண்டுகளைத் திருப்பிப் போட்டேன். எண்ணெயில் கிடப்பதைப் பாதியில் விட முடியாதே.

கிளேபாங் கடற்கரைச் சாலையில் கடை போட்டிருக்கும் எங்கள் எல்லோருக்கும் மணியத்தைத் தெரியும். தோங்கை மாட்டியதும் போகமாட்டார். அடுப்பைப் பற்றவைத்து, குனிந்து, நெருப்பின் நிறத்தைப் பார்ப்பார். பெண் பார்க்க வந்தவர்கூடத் தோற்றுப்போவார்.

"நிறம் பிடிச்சிருக்கா மாப்பிள்ளை?" என்பேன்.

"நீலமா இருந்தா பேசி முடிக்கலாம் அக்கா. மஞ்சள்னா வேணாம்" என்பார்.

மஞ்சளாக இருந்தால் பர்னரைக் கழற்றி, அடைத்த ஓட்டைகளைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்துவிட்டுத்தான் நகர்வார்.

கம்பெனிப் பயிற்சியில் கேட்டதை எங்களுக்கும் சொல்வார். "கேஸு, பெட்ரோல், டீசல் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைங்க. கடலடியில செத்துப் புதைஞ்ச பொடி உயிருங்க. உள்ள இருக்கிறது கார்பனும் ஹைட்ரஜனும்தான். காத்து போதுமான அளவு கிடைச்சா கார்பன் டை ஆக்சைடும் நீராவியுமா போயிடும். பத்தலன்னா கரி, கார்பன் மோனாக்சைடு. கேஸுக்கு நாத்தம் நாம சேர்த்தது, கசிஞ்சா தெரியட்டும்னு. மோனாக்சைடுக்கு அப்படி யாரும் சேர்க்கிறதில்ல."

"உன் லாரி விடுற கரும்புகைக்கு என் அடுப்பு தேவலை லா" என்றேன் ஒருமுறை.

அவர் லாரியைப் பார்த்தார். "அதுக்கும் மூச்சு முட்டுது. ஃபில்டர் மாத்தச் சொல்லியாச்சு. நீலமா எரியுதுன்னு நீங்களும் ரொம்பப் பெருமைப்படாதீங்க அக்கா. அந்த டை ஆக்சைடு மேல போயி ஊருக்கே சூட்டைப் பிடிச்சு வெச்சுக்குது."

"அப்ப கடையை மூடிடவா?"

"சும்மா எரிய விடாதீங்க, போதும்."

பிறகு அந்த மழை மத்தியானம். கடல் பக்கமிருந்து சாரல் அடித்தது. நானும் நாத்தனார் கமலாவும் புதுக் கன்வாஸை நாலு பக்கமும் இறக்கிக் கட்டி, அடியில் செங்கல் வைத்தோம். உள்ளே மூன்று அடுப்பு. நெருப்பு மஞ்சளாகத்தான் எரிந்தது, பார்த்தும் விட்டுவிட்டேன். தலை வலித்தது. கமலா அரிசி மூட்டைமேல் சாய்ந்து கண்ணை மூடினாள். காலையிலிருந்து சாப்பிடாததால் வந்த மயக்கம் என்று நினைத்தேன்.

தோங்கோடு வந்த மணியம் வெளியே நின்று கூப்பிட்டார். பதில் சொல்ல எனக்கு நாக்கு புரளவில்லை. அவர் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்கவில்லை. கத்தியால் கன்வாஸை மேலிருந்து கீழாகக் கிழித்து, அடுப்புகளை அணைத்து, கமலாவை மழைக்குள் இழுத்துப் போட்டார். அடுத்து என்னை. கமலா வாந்தி எடுத்துவிட்டுக் கண் திறந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அவள் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

தெளிந்ததும் மணியத்திடம் நான் சொன்ன முதல் வார்த்தை, "யோவ், புதுக் கன்வாஸ்யா."

அதற்குப் பிறகு வாராவாரம் அதே பேச்சு. "ஊசி நூல் வெச்சிருக்கேன், உக்காந்து தை" என்பேன். "மூணு அடுப்பும் ஒரு மாசம் நீலமா எரியட்டும், தைக்கிறேன்" என்பார். எரியவும் இல்லை, அவர் தைக்கவும் இல்லை. கேலியிலேயே காலம் போய்விட்டது. நன்றி என்று ஒருநாளும் சொல்லவில்லை.

செய்தி கேட்ட அன்று கமலா, "நாமளே தைச்சுடலாமா அண்ணி?" என்றாள். வேண்டாம் என்றேன். அந்தக் கிழிசலில் கடல் காற்று வருகிறது. மழை நாளில் மாவில் சாரலும் விழுகிறது. மாவை நகர்த்தி வைத்துக்கொள்கிறேன். மணியத்தின் சொத்தாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

அடுத்த புதன் புது ஆள் தோங்கை மாட்டிவிட்டுத் திரும்பினார்.

"தம்பி, நெருப்பைப் பார்த்துட்டுப் போ."

"என்ன பார்க்கணும் அக்கா?"

"குனி, சொல்றேன்."