எர்த் போல்ட்டுக்கு அடியில் படகுப் பெயின்ட்

முட்டாள்தனத்தில் எனக்குக் கூட்டாளி தேவையில்லை; அந்தத் தொழிலைத் தனியாகவே நன்றாக நடத்துவேன்.

இரண்டு பேர் மட்டும் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வைத்திருக்கிறேன். தூத்துக்குடி உப்புக்காற்றுக்கு இரும்பு தாங்காது. எங்கள் வீட்டில் படகு உண்டு; துருப்பிடிக்காமல் இருக்க அதன் இரும்புக்கெல்லாம் பெயின்ட் அடிப்போம். அதே பழக்கத்தில் பானெட்டுக்குள் கண்ணில் பட்ட போல்ட்டையெல்லாம் கழற்றி, துருவைச் சுரண்டி, படகுப் பெயின்ட்டை இரண்டு பூச்சு பூசி மாட்டினேன்.

மறுநாள் ஹெட்லைட் போட்டதும் பெட்ரோல் முள் காலிக்கு விழுந்தது. இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்கு ஏறியது. போன மாதம் மீட்டர்களைச் சுத்தம் செய்து தந்தவர் மில்லர்புரத்து எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி. நேரே அவர் கடைக்குப் போய், நாலு வாடிக்கையாளர்கள் முன்னால் கத்தினேன்.

"ஒரிஜினல் மீட்டரை எடுத்துக்கிட்டு டூப்ளிகேட்டை மாட்டிட்டீங்களே அண்ணாச்சி!"

அவர் முகம் கறுத்துவிட்டது. இரண்டு பேர் தங்கள் வண்டிகளைத் திருப்பிக்கொண்டு கிளம்பியே போனார்கள்.

அண்ணாச்சி பானெட்டைத் திறந்து, ஹெட்லைட்டைப் போடச் சொன்னார். ஒரு வயரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், மறுமுனையை கார் பாடியிலும் வைத்தார். இரண்டு முள்ளும் ஒழுங்காக நின்றன. பிறகு பேட்டரியைக் கார் பாடியோடு இணைக்கும் எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றிக் காட்டினார். அடியில் என் நீலப் பெயின்ட், கரண்ட் போக வழியில்லாமல் பளபளத்தது.

"காருன்னு நெனச்சியா, வள்ளம்னு நெனச்சியாலே?"

மிச்சமிருந்த இருவரும் சிரித்தார்கள். அவர் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, போல்ட்டை முடுக்கினார். கோளாறு என் கையால் வந்திருக்குமோ என்று ஒரு நொடிகூட எனக்குத் தோன்றவில்லையே என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. அவர் காதருகே குனிந்து, "தப்பு என் மேலதான், மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்று முணுமுணுத்தேன்.

கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஏசுன சத்தத்துலயே சொல்லுலே."