மாதா கோயில் சுவரில் ஒரு டப்பா

"பஸ் ஸ்டாப்பையே ரெண்டு பேர்கிட்ட கேட்டுட்டு இறங்குறவ நீ. நீ தனியா போய் டப்பாவக் கண்டுபிடிக்கப் போறியா?" என்று சிறுசேரி அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் நவீன் கேட்டான். கேட்டுவிட்டு, அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த தன் ஜிபிஎஸ் கருவியையும் கொடுத்தான். ஜியோகேச்சிங் அவன் அங்கே பழகிய விளையாட்டு. யாரோ ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார்கள். கண்டுபிடிப்பவர் உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை அங்கேயே வைத்துவிட வேண்டும்.

சனிக்கிழமை காலை 9.20. தாம்பரம் கிழக்கில் பஸ் ஏறினேன். மேடவாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோ, பத்து ரூபாய். பெரும்பாக்கம் தாண்டி ஒரு ஏரிக்கரையில் இறக்கிவிட்டார் ஓட்டுநர். "மாதா கோயிலுக்கா? பூசை சாயங்காலம்தானே. இப்போ ஆளே இருக்காதும்மா." ஆள் இல்லாததும் நல்லதுதான் என்று நினைத்தேன். ஆட்டோ சத்தம் அடங்கியதும் அப்படித் தோன்றவில்லை.

10.35. வெள்ளைக்காரர் காலத்துச் சிறிய கோயில். சுண்ணாம்புச் சுவர் இரண்டடி கனம். பின்னால் கல்லறைத் தோட்டம். கருவியில் 40 மீட்டர், 12 மீட்டர் என்று குறைந்து, சுற்றுச்சுவர் ஓரம் 3 என்று வந்தது. முழங்கால் உயரப் புல். பாம்புக்குப் பயந்து செருப்பைத் தரையில் தட்டித் தட்டி நடந்தேன். செங்கல் பெயர்ந்த பொந்துக்குள் கையை விட்டபோது தகரம் தட்டுப்பட்டது.

டப்பாவை எடுத்துத் திறந்தேன். நோட்டின் முதல் பக்கத்தில் எனக்கு முன் கண்டுபிடித்தவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய நான்கு பெயர்கள். அடுத்த பக்கங்கள் முழுக்கத் தமிழ் விண்ணப்பங்கள். மடித்த சீட்டுகள் வேறு. ஒன்றைப் பிரித்தேன். "மாதாவே, சொல்லாமல் போன என் மகள் எங்கே இருந்தாலும் ஒரு போன் பண்ண வேண்டும்."

"ஏய், இன்னா பண்ற அங்க?"

காக்கிச் சட்டை, கையில் கம்பு. கோயில் காவல்காரர். கருவியைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குண்டு கிண்டு வைக்க வந்தியா? வா, ஸ்டேஷனுக்குப் போலாம்."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மூட்டை தூக்கும் அப்பா, தெருவின் பேச்சை மீறித்தான் என்னை வேலைக்கு அனுப்புகிறார். போலீஸ் என்ற சொல் வீட்டுக்குப் போனால் திங்கட்கிழமை நான் பஸ் ஏற முடியாது.

"அண்ணா, இதத் தேடித்தான் வந்தேன்" என்று டப்பாவை நீட்டினேன். மூடாத டப்பாவிலிருந்து சீட்டுகள் புல்லில் சிந்தின. அவர் கம்பைப் போட்டுவிட்டு, மற்றவற்றை விட்டு, நான் பிரித்திருந்த சீட்டை முதலில் எடுத்தார்.

"படிச்சியா?"

பொய் வரவில்லை. "படிச்சேண்ணா."

அவர் கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "உள்ள இருக்கிற பெட்டில போட்டா நவநாள் பூசைல மைக்ல படிப்பாங்க. ஊரே கேக்கும். இது மாதாவுக்கு மட்டும்னு சொல்லிகினு எல்லாம் இதுல போடுறாங்க. இந்த இடம் வேற யாருக்குத் தெரியும்?"

"நெட்ல இருக்குண்ணா. யார் வேணா தேடி வருவாங்க."

கருவியைத் திருப்பிக் கொடுத்தார். "நீ வந்தத நான் பாக்கல. நீயும் எதையும் படிக்கல. போம்மா."

ஷேர் ஆட்டோவில் ஏறிய பிறகுதான் அந்தச் சீட்டு அவரே எழுதியது என்று புரிந்தது. எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் படிக்கத் தெரியாது. என் டைரி அலமாரியில் திறந்தே கிடக்கும். தன் எழுத்தை இன்னொருவர் படித்துவிட்டதற்காக ஒருவர் அப்படிப் பயந்து அன்றுதான் பார்த்தேன்.

திங்கட்கிழமை அந்த டப்பாவை வைத்தவருக்கு இணையதளம் வழியாக எழுதினேன்: டப்பா அங்கேயே இருக்கட்டும், எண்களை மட்டும் இணையத்திலிருந்து எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டார். நேற்று சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நானே ஒரு டப்பா வைத்து எண்களைப் பதிந்தேன். இதற்குள் எழுதுவதை யார் வேண்டுமானாலும் படிப்பார்கள் என்று மூடியின் மேல் தமிழில் பெரிதாக எழுதியிருக்கிறேன்.