மேஸ்திரி தட்டாத தகரம்

மகள் குடியிருக்கும் கடலோர ஊரில், சுத்தம் செய்த கழிவுநீரைக் கடலில் திறந்துவிடும் முன் ஆலைச் சங்கு ஊதுகிறார்கள். அதைக் கேட்டாலே எனக்கு அந்தத் தகரச் சத்தம் ஞாபகம் வரும்.

வெள்ளைக்காரத் துரை காலத்தில், எங்கள் ஊர் கிளியூருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் உரித்த தண்ணீரை எங்கள் ஓடையில்தான் விடுவார்கள். புளித்து நாறும். விடுவதற்கு முன் மேஸ்திரி தகரத்தைத் தட்ட வேண்டும். பெண்கள் ஓடிப்போய்க் குடிக்கத் தண்ணீர் பிடித்துவிடுவார்கள். ஒருநாள் அவன் தட்டவில்லை. தெரியாமல் குடித்த என் தம்பி வாந்தியெடுத்தே செத்தான்.

புதைத்த கையோடு அம்மா மேஸ்திரியிடம் போனாள்.

"ஏனுங்க, தகரம் தட்டலீங்களா?"

"மறந்துட்டேன். இன்னொண்ணப் பெத்துக்க, போ."

தகரம் தட்டுகிற இரும்புக் கம்பியை எடுத்து அவன் தோளில் ஓங்கிப் போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் இன்றைக்கும் எனக்கு இனிக்கிறது. அவனுடைய ஆட்கள் அவளைக் கீழே தள்ளி, இரண்டு காதிலும் ரத்தம் வரும்வரை மிதித்தார்கள்.

மறுநாளிலிருந்து தகரம் தவறாமல் ஒலித்தது. எல்லாரும் குடத்தோடு ஓடுவார்கள். அம்மா அடுப்படியில் அப்படியே உட்கார்ந்திருப்பாள். நான்தான் போய் அவள் தோளைத் தொடுவேன்.

இப்போதும் சங்கு ஊதினால் என் கை மகளின் தோளுக்குப் போய்விடுகிறது.

"எனக்குக் காது கேக்குதும்மா" என்கிறாள்.