சுவரில் ஆறு பத்து

கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சென்னை கம்பெனி சொன்னதும் தென்காசிக்கு வந்தவன், அப்படியே தங்கிவிட்டேன். மிஞ்சிய நேரத்தில், யாருமே கேட்காத ஒரு மென்பொருளை எழுதினேன். பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் பழைய நாட்காட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று செய்தார்கள். மாதங்களுக்குப் பருவங்களின் பெயர். நாளுக்குப் பத்து மணி நேரம், மணிக்கு நூறு நிமிடம். உச்சிவேளை என்றால் ஐந்து மணி. நம் தேதியையும் நேரத்தையும் கொடுத்தால் என் மென்பொருள் அந்தக் கணக்குக்கு மாற்றித் தரும். உலகத்துக்கே பெரிய தொண்டு செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு. முன்னறைச் சுவரில் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, பழைய டேப்லெட் ஒன்றில் இதை ஓடவிட்டு மாட்டினேன். என் போனிலும் அதே நேரம்தான். மனைவி சண்டை போடவில்லை. அடுப்படிக்கென்று தனியாக ஒரு கடிகாரம் வாங்கிக்கொண்டாள்.

ஆடி மாதம் அவள் தம்பி லீவில் வந்திருந்தான். சென்னையில் போலீஸ் வேலை. ஊருக்குத் திரும்பும் ஞாயிற்றுக்கிழமை, மதியம் சாப்பிட்டுவிட்டு முன்னறையில் படுத்தான். வெளியே சாரல், வானம் கறுத்துக் கிடந்தது. டேப்லெட் மட்டும் அது வெப்ப மாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவன் தூக்கக் கலக்கத்தில் கண் விழித்துப் பார்த்தபோது சுவரில் மணி ஆறு பத்து. ரயில் ஆறரைக்கு. பையைத் தூக்கிக்கொண்டு, வாசலில் வந்த ஆட்டோவில் பாய்ந்து ஏறிப் போய்விட்டான். உண்மையில் அப்போது மணி மூன்றுகூட ஆகவில்லை.

சார்ஜில் கிடந்த அவன் போனையும் புளியோதரைப் பொட்டலத்தையும் கையில் கொடுத்து மனைவி என்னை ஸ்டேஷனுக்கு விரட்டினாள். ஆளில்லாத பிளாட்பாரத்தில், ஸ்டேஷன் கடிகாரத்துக்கு நேர் எதிரே அவன் உட்கார்ந்திருந்தான். நான் புரட்சியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த நாட்டில் இன்னும் அந்தக் கடிகாரம்தான் ஓடுகிறதா என்று விசாரித்தான். இல்லை, கொஞ்ச காலத்திலேயே கைவிட்டுவிட்டார்கள் என்றேன்.

"அவனுவளே வேண்டாம்னு விட்டத நீங்க எதுக்கு அத்தான் தூக்கிட்டு அலையுதிய?"

குளிக்கப் போகலாமா என்று கேட்டேன். ரயிலுக்கு நேரம் நிறையக் கிடந்தது. ஸ்கூட்டரில் ஐந்தருவிக்குப் போனோம். அவன் போனை சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டு, என் போனை பாலிதீன் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். சீசன் கூட்டம், வரிசையில் நின்று நின்றுதான் அருவிக்கடியில் போக முடிந்தது. குளித்துக் கரையேறியதும் மணி கேட்டான். போனில் ஏழு முப்பத்தைந்து. மனக்கணக்காகவே மாற்றிக் காட்டும் ஆசை வந்தது எனக்கு. ஏழு மணி என்றால் நம் கணக்குக்கு நாலே முக்கால். அதையே சொன்னேன். மிச்சமிருந்த முப்பத்தைந்தைச் சேர்க்க மறந்துபோனேன். அந்த நிமிடங்கள் வேறு நம் நிமிடத்தைவிட நீளமானவை.

இன்னொரு தடவை குளித்தோம். மிளகாய் பஜ்ஜி தின்றோம். சீட்டைத் திறந்து தன் போனில் மணி ஆறேகால் என்று பார்த்தவன், ஈரத்துணியைச் சுருட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தான். நான் விரட்டிக்கொண்டு போய் ஸ்டேஷனில் இறக்கியபோது, ரயில் போய்விட்டதாக டீக்கடைக்காரர் சொன்னார்.

பஸ்ஸில் கடைசி சீட்டு கிடைத்தது. மறுநாள் டூட்டிக்குப் பிந்திப் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். அன்று சாயங்காலம் அக்காவுக்குத்தான் போன் செய்தான். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னன்னுக்கா காரணம் சொல்லுவேன்? வயித்தால போச்சுன்னு சொல்லிட்டேன்."

ஒரு வாரம் உட்கார்ந்து மென்பொருளைத் திருத்தினேன். நம் ஊர் நேரமும் கீழே சிறிய எழுத்தில் தெரியும்படி செய்து மனைவியிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"இதப் பெருசாப் போட்டு, அதச் சின்னதாப் போடுங்க."

இரண்டு நாள் மறுத்துப் பார்த்தேன். பிறகு அப்படியே மாற்றிவிட்டேன். இந்த வருடம் சீசனுக்கு வந்த மச்சினன் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, அடுப்படிக்குப் போய் அங்கிருந்த கடிகாரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.